விரலுக்கு எட்டும் கதை

கேள்வி: எங்கள் மகளுக்கு மூன்று வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. கதை என்றால் உயிர். எல்லாவற்றையும் செல்போனிலேயே கேட்கலாமே, பிரெயில் எதற்கு என்கிறார்கள் வீட்டில். இந்த வயதில் அவளுக்குப் புத்தகம் தேவையா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: தேவை, அதுவும் இப்போதே. பார்வையுள்ள குழந்தை பள்ளிக்குப் போகும் முன்பே கடைப் பலகையிலும் பிஸ்கட் உறையிலும் எழுத்தைப் பார்த்துப் பழகிவிடுகிறது. உங்கள் மகளுக்கோ யாராவது விரலடியில் கொண்டுவந்து வைத்தாலொழிய ஓர் எழுத்தும் எதிர்ப்படாது. செல்போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதையின் சுவைக்கும் சொல்வளத்துக்கும் காது போதும். எழுத்துக்குப் போதாது. ‘கூரை’, ‘கூறை’ இரண்டும் பல ஊர்ப் பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘ந’வும் ‘ன’வும் அப்படித்தான். எது எங்கே வரும் என்பது படித்துப் படித்துத்தான் படியும்.

ஆனால் பிரெயில் புள்ளியில் தொடங்காதீர்கள், பொருளில் தொடங்குங்கள். படக்கதையின் கோடுகளை மேடாக்கித் தந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காக்கையின் புறக்கோடு கண்ணுக்குத்தான் காக்கை, விரலுக்கு அது வெறும் வளைவு. பிளாஸ்டிக் காக்கையும் வழவழப்பான ஒரு கட்டிதான். பாட்டி வடை சுட்ட கதைக்கு ஒரு பெட்டி தயார் செய்யுங்கள்: ஊறிய உளுந்து, கரண்டி, கழுவிக் காயவைத்த இறகு, ஆறிய வடை. கதை நகர நகர ஒவ்வொன்றாக அவளே எடுக்கட்டும். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்; உங்கள் கை அவள் கைக்கு அடியில் இருக்கட்டும், விரும்பும்போது விலக்கிக்கொள்வாள். நரியை எங்கே தேடுவது என்பீர்கள். தேட வேண்டாம். குளியல், சந்தை, கோயில் என்று அவள் கை அறிந்த கதைகள் முதலில் வரட்டும். நரி பிறகு சொல்லாலேயே வரும். காதும் கேளாத குழந்தைக்கும் வழி இதுவே. 1887-இல், பார்வையும் செவியும் இல்லாத சிறுமி ஹெலன் கெல்லரின் ஒரு கையில் குழாய்த் தண்ணீர் விழும்போதே மறு கையில் அவளுடைய ஆசிரியை ஆன் சல்லிவன் அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக உணர்த்தினார். பொருளும் சொல்லும் ஒரே நொடியில் சேர்ந்தன. அத்தகைய குழந்தைகளின் பெற்றோர் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தை அணுகலாம்.

அந்தப் பெட்டியிலேயே ஒரு பிரெயில் சீட்டும் இருக்கட்டும். ஆறு புள்ளிகளுக்குள் அடங்கும் எழுத்துகள்தாம், நீங்களும் கற்கலாம். அச்சில் ‘டை’ எழுத ஐகாரக் குறியை முன்னால் போடுகிறோம். பிரெயிலில் ‘வடை’ என்பது வ, ட, ஐ. வாயில் வரும் அதே வரிசை. வடையைத் தொட்டு, பிட்டு, தின்ற விரல் அடுத்ததாக அந்த மூன்று எழுத்துகளைத் தடவட்டும்.