தீராத நோயுற்ற குழந்தையும் மாதாமாதச் செலவும்: ஜகாத் காட்டும் வழி

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் உறவினர் அனைவரும் வந்து பார்க்கின்றனர். பத்து நாளில் குணமாகிவிடுகிறது. ஆயுள் முழுவதும் தொடரும் நோய் ஒன்று குழந்தையைப் பற்றிக்கொண்டாலோ, முதல் மாதம் வந்தவர்கள் மூன்றாம் மாதம் வருவதில்லை. நோய் நிற்பதில்லை, செலவும் நிற்பதில்லை. இத்தகைய வீட்டாரின் பொறுப்பு என்ன, அவர்களைச் சுற்றியுள்ள நம் பொறுப்பு என்ன என்பதை இங்கு ஆராய்வோம்.

செலவின் தன்மை

குழந்தைகளுக்கு வரும் முதல் வகைச் சர்க்கரை நோயை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இது மாத்திரையால் அடங்கும் நோயன்று. கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய முற்றிலும் நிறுத்திவிடுகிறது. குழந்தை இனிப்பு அதிகம் தின்றதால் வந்ததுமன்று. தாயின் கவனக்குறைவால் வந்ததுமன்று. 1922 ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொரோண்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்குமுன் இந்நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழ்வது அரிது. இன்றோ, முறையாக ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை படிக்கலாம், விளையாடலாம், வளர்ந்து குடும்பமும் நடத்தலாம். ஆனால் ஊசியை ஒரு நாளும் நிறுத்த முடியாது.

ஊசி மருந்துடன் சர்க்கரை அளவைப் பார்க்கும் சோதனைப் பட்டைகளும் வேண்டும். பல வீடுகளில் மருந்தைவிடப் பட்டைக்கே அதிகம் செலவாகிறது. நாளைக்கு நான்கு முறை பார்த்தால் மாதத்திற்கு 120 பட்டைகள். ஒன்று 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,400 ரூபாய். ஆண்டுக்கு 28,800 ரூபாய்.

கையில் பணமில்லாத நாளில் சில வீடுகளில் ஊசியின் அளவைக் குறைக்கின்றனர். ஒரு வேளை விட்டும்விடுகின்றனர். விளைவு வாந்தி, வேகமான மூச்சு, மயக்கம். விரைவில் உயிருக்கே ஆபத்து. சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய்த் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆயிரம் கட்ட நேருகிறது. எனவே, எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்கலாகாது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். ஆகவே மருந்துக்கு வழி தேடுவது தவக்குலுக்கு மாறானதன்று.

முதலாவது, கணக்கு எழுதுங்கள். மாதந்தோறும் வரும் செலவை ஒரு பக்கமும், எப்போதாவது வரும் மருத்துவமனைச் செலவை மறு பக்கமும் எழுதுங்கள். இவ்விரண்டுக்கும் வழி வேறு.

இரண்டாவது, அரசு மருத்துவமனையில் பெயரைப் பதியுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாக வழங்கப்படுகிறது. சென்னை எழும்பூரில் குழந்தைகளுக்கென்றே அரசு மருத்துவமனை உள்ளது. தனியார் மருத்துவரிடம் காட்டுவோரும் மருந்தை அரசு மருத்துவமனையில் பெற வழி உண்டா என்று கேட்டறிவது நலம்.

மூன்றாவது, 2012 இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையைப் பெற்று வையுங்கள். குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் சிகிச்சை பெறலாம். ஆனால் இது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே உதவும். கடையில் வாங்கும் மாதாந்தர மருந்துக்கு உதவாது.

நான்காவது, வட்டிக்குப் போகாதீர்கள். வட்டி ஹராம் என்பது ஒருபுறமிருக்க, முடிவில்லாத செலவுக்குக் கடன் தீர்வாகாது. இம்மாத மருந்துக்கு வளையலை அடகு வைத்தால் அடுத்த மாத மருந்துக்கு எதை வைப்பது?

ஐந்தாவது, நோயை மறைக்காதீர்கள். பெண் பிள்ளையாயின் திருமணம் தடைப்படும் என்றஞ்சி நெருங்கிய உறவினரிடமும் மறைக்கின்றனர். இதனால் உதவியும் வராமல் போகிறது; மயங்கி விழும் நேரத்தில் என்ன செய்வதென்று பள்ளிக்கூடத்திலும் எவரும் அறியாமல் போகின்றனர்.

ஜகாத் பெறத் தகுதி உண்டா?

ஜகாத் பெறுவோர் எட்டு வகையினர் என்பதைத் திருக்குர்ஆன் 9:60 வசனத்தில் காண்கிறோம். ஃபகீரும் மிஸ்கீனும் கடன்பட்டவரும் அவர்களுள் அடங்குவர்.

"சொந்த வீடு இருக்கிறது, சம்பளமும் வருகிறது, இவருக்கு எப்படி ஜகாத் கொடுப்பது?" என்று சிலர் தயங்குகின்றனர். குடியிருக்கும் வீடும் தொழிற்கருவியும் இருப்பதால் மட்டும் ஒருவர் தகுதி இழப்பதில்லை. ஷாபிஈ மத்ஹபில், வருமானம் இருந்தும் அவசியத் தேவைக்கு அது போதாதவர் மிஸ்கீன் ஆவார். குழந்தையின் உயிர் காக்கும் மருந்து அவசியத் தேவையே. ஹனபி மத்ஹபில், அவசியத் தேவைகளும் கடனும் போக நிஸாப் அளவு பொருள் மிஞ்சுகிறதா என்று பார்க்கப்படும்.

தகப்பன் தன் ஜகாத்தைத் தன் பிள்ளையின் மருந்துக்குச் செலவிட முடியாது. அது அவன்மீதுள்ள கடமை. பாட்டனாரும் பாட்டியும் ஜகாத்தை ஒதுக்கிவிட்டுத் தம் சொந்தப் பொருளிலிருந்து உதவுவதே பேணுதல். ஆனால் சாச்சா, மாமா, மாமி, பெரியம்மா ஆகியோர் ஜகாத் கொடுக்கலாம். உறவினருக்குக் கொடுப்பதில் தர்மத்தின் நன்மையும் உறவைப் பேணிய நன்மையும் சேர்ந்து கிடைக்கும் என்பது ஹதீதின் கருத்து.

எப்படிக் கொடுப்பது?

ரமளானில் ஒரு தொகை கொடுத்துவிட்டுப் பதினொரு மாதம் மறந்துவிடுவதே நம் வழக்கம். மருந்தோ மாதந்தோறும் வாங்க வேண்டியது. அதற்காகக் கடமையாகிவிட்ட ஜகாத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவணையாகக் கொடுப்பதும் கூடாது, காரணமின்றித் தாமதப்படுத்தலாகாது. வழி யாதெனில், நிஸாப் உள்ளவர் வரும் ஆண்டின் ஜகாத்தை முன்கூட்டியே மாதாமாதம் கொடுத்து வருவது. ஷாபிஈ, ஹனபி இரு மத்ஹபுகளிலும் இதற்கு அனுமதி உண்டு. 9,60,000 ரூபாய்க்கு ஜகாத் 24,000, மாதத்திற்கு 2,000. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்துக் குறைந்ததை நிறைவு செய்ய வேண்டும். இதன் நிபந்தனைகளை உள்ளூர் ஆலிமிடம் கேட்டறிக.

ஒருவரால் இயலாவிடில் நால்வர் சேரலாம். மேற்கண்ட 2,400 ரூபாய்க்கு ஆளுக்கு 600 போதும். மஹல்லாவின் பைத்துல்மால் இதனை ஏற்று நடத்தினால் வாங்குபவர் ஒவ்வொரு வாசலாக ஏற வேண்டியதில்லை.

பணத்தைப் பெற்றோரின் கையில் ஒப்படைப்பதே பேணுதலானது. மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவதாயின் அவர்களின் சம்மதத்துடன் கட்டுக. கொடுத்த கடனை, "ஜகாத்தில் கழித்துவிட்டேன்" என்று தள்ளுபடி செய்தால் ஜகாத் நிறைவேறாது என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து.

கொடுப்பதைச் சபையில் சொல்லிக் காட்டாதீர்கள். அந்தக் குழந்தை நாளை பெரியவனாகி அதே தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டியவன்.

அடுத்த மாதம் முதல் தேதிக்குள் நம் குடும்பத்தில் இப்படி ஒரு வீடு உண்டா என்று விசாரிப்போமாக. நோயுற்ற குழந்தைகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக! அவர்களின் பெற்றோருக்குப் பொறுமையையும், நமக்கு ஈகைக் குணத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.