மேலே ஐஸ், கீழே திரிந்த பால்

ஃப்ரீசரில் ஐஸ் உறைகிறது, கீழ்த்தட்டில் பால் திரிகிறது என்றால் உடனே கேஸ் தீர்ந்துவிட்டதென்று முடிவுகட்டாதீர்கள். ஃப்ரீசரின் பின்தகட்டுக்குள் இருக்கும் சின்ன விசிறி நின்றிருக்கலாம். கதவைத் திறந்து, கதவு மூடும்போது அமுங்கும் ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பல மாடல்களில் விசிறி ஓடும் சத்தம் கேட்கும்.

கேட்கவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பனி தானாக உருகட்டும். சிங்கப்பூரின் காத்தோங் போன்ற கடலையொட்டிய பகுதிகளின் ஈரக்காற்றில், கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் பனி மளமளவென்று படியும். கத்தியால் சுரண்டிக் குழாயில் ஓட்டை போட்டால் செலவு மோட்டாரோடு நிற்காது! உருகிய பின்னும் இறக்கை இறுகியே இருந்தால் மோட்டாரை மாற்ற வேண்டியதுதான்.

ஒயர் நிறங்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு கழற்றுங்கள். பழைய மோட்டாரைக் கடைக்கு எடுத்துப்போவது நல்லது. சிங்கப்பூர் மின்சாரம் 230 வோல்ட்தான். ஆனால் இன்வர்ட்டர் ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் விசிறி 12 வோல்ட் டிசி.