படம் காட்டும் பெட்டி வாங்கலாமா?

செகந்திராபாத் லாலாகுடாவில் எங்கள் மாலை வகுப்பு நடக்கிறது. அங்கே ஓர் அக்கா வருவார். காலையில் இட்லிக் கடை. மாலையில் படிப்பு. ஒருநாள் கையில் ஒரு சீட்டோடு வந்தார். அதில் 7,500 என்று எழுதி இருந்தது.

"தம்பி, ஒரு யோசனை கேட்கணும். கோட்டிக்குப் போயிருந்தேன். குஜராத்தி கல்லியில் ஒரு கடையில் புளூ-ரே பெட்டின்னு ஒண்ணு காட்டினாங்க. வீட்டிலேயே தியேட்டர் மாதிரி தெரியுமாம். எந்தப் பழைய படமும் பார்க்கலாமாம். இதுதான் கடைசிப் பெட்டியாம். நாளைக்கே வந்து எடுத்துக்கோன்னு சொல்றார். வாங்கலாமா?"

"கையில் எவ்வளவு இருக்கு அக்கா?"

"குழுவில் சேர்த்தது 9,000 இருக்கு. ஜூன் மாதம் மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டணும். ஆனாலும் மனசு கேட்கலை. 2001-இல் என் கல்யாணத்தை வீடியோ எடுத்தாங்க. மறு வருஷமே அப்பா போயிட்டார். அவர் நடக்கிறதும் பேசுறதும் அந்த கேசட்டில் மட்டும்தான் இருக்கு. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு ஆசை."

வகுப்பில் யாரும் பேசவில்லை. அன்றைய பாடத்தை மூடி வைத்தோம். அக்காவின் கேள்வியையே பாடமாக எடுத்துக்கொண்டோம். நீங்களும் வாருங்கள். சேர்ந்து யோசிப்போம்.

புளூ-ரே என்றால் என்ன?

சி.டி. வட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டி.வி.டி.யும் அதே அளவுதான். புளூ-ரே வட்டும் அதே அளவுதான். பிறகு என்ன வித்தியாசம்?

வட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத சிறு பள்ளங்கள் இருக்கின்றன. படமும் பாட்டும் அந்தப் பள்ளங்களில்தான் பதிந்துள்ளன. பெட்டிக்குள் ஓர் ஒளிக்கதிர் அவற்றைப் படிக்கிறது. டி.வி.டி.யைப் படிப்பது சிவப்புக் கதிர். புளூ-ரேயைப் படிப்பது நீல ஊதாக் கதிர்.

உங்கள் சிலேட்டை நினைத்துப் பாருங்கள். மழுங்கிய பலப்பத்தால் எழுதினால் எழுத்து பெரிதாக வரும். சில வரிகளிலேயே சிலேட்டு நிறைந்துவிடும். கூரான பலப்பத்தால் எழுதினால் அதே சிலேட்டில் நிறைய எழுதலாம். நீல ஊதாக் கதிர் கூரான பலப்பம் போன்றது. ஓர் அடுக்கு டி.வி.டி. 4.7 ஜி.பி. கொள்ளும். ஓர் அடுக்கு புளூ-ரே 25 ஜி.பி. கொள்ளும். அதாவது ஐந்து மடங்குக்கு மேல்.

அதனால் படமும் தெளிவாக இருக்கும். டி.வி. படம் என்பது புள்ளிகளால் ஆனது. நம் நாட்டு டி.வி.டி. படத்தில் நீளத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 புள்ளி. புளூ-ரேயில் நீளத்தில் 1,920 புள்ளி, உயரத்தில் 1,080 புள்ளி. பெருக்கிப் பாருங்கள். இதுவும் சரியாக ஐந்து மடங்கு. கடைக்காரர் இதில் பொய் சொல்லவில்லை. படம் நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டு டி.வி. காட்டுமா?

பெட்டி அனுப்பும் புள்ளிகள் அத்தனையையும் டி.வி. காட்ட வேண்டும். அக்கா வீட்டில் இருப்பது 32 அங்குல டி.வி. அதன் அட்டைப் பெட்டியைப் பரண்மேல் வைத்திருந்தார். மறுநாள் அதை வகுப்புக்கே எடுத்து வந்தார். எழுத்தெல்லாம் ஆங்கிலம். ஆனால் எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதானே? அக்கா விரல் வைத்துத் தேடினார். "1366 x 768" என்று படித்தார்.

அப்படி என்றால் புளூ-ரே தரும் புள்ளிகளில் பாதியைத்தான் அந்த டி.வி. காட்டும். 32 அங்குல டி.வி.க்கள் பலவும் இப்படித்தான்.

சிவப்பு, மஞ்சள், வெள்ளைக் கம்பி செருகும் பழைய டி.வி. வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். பிறகு வந்த புளூ-ரே பெட்டிகள் பலவற்றில் அந்தக் கம்பிக்குத் துளையே இல்லை.

வட்டு கிடைக்குமா?

அடுப்பு வாங்கினால் போதுமா? விறகு வேண்டாமா? பெட்டி வாங்கினால் வட்டு வேண்டும்.

2006-இல் இரண்டு வகைப் பெட்டிகள் சந்தைக்கு வந்தன. ஒன்று புளூ-ரே. இன்னொன்று எச்.டி. டி.வி.டி. ஒன்றின் வட்டு மற்றதில் ஓடாது. இரண்டுக்கும் பெரிய போட்டி. கடைசியில் 2008 பிப்ரவரியில் எச்.டி. டி.வி.டி.யைக் கைவிடுவதாக டோஷிபா நிறுவனம் அறிவித்தது. அதை வாங்கியவர்கள் என்ன ஆனார்கள்? பெட்டி கெடவில்லை. ஆனால் புதுப் படங்களின் வட்டு வருவது நின்றுபோனது.

நம் நாட்டுக் கதையும் உண்டு. 2007-இல் மோசர் பேர் நிறுவனம் தமிழ்ப் பட வட்டுகளை மலிவாகக் கொண்டுவந்தது. வி.சி.டி. 28 ரூபாய். டி.வி.டி. 34 ரூபாய். மக்கள் ஆசையாக வாங்கினார்கள். பிறகு மொபைலில் படம் பார்க்கும் காலம் வந்தது. 2018-இல் அந்த நிறுவனத்தை மூடிக் கணக்குத் தீர்க்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

புளூ-ரே போட்டியில் வென்றது. ஆனால் அதற்கும் இறங்குமுகம் வந்தது. 2019-இல் சாம்சங் நிறுவனம் அமெரிக்காவில் புதிய வகைப் பெட்டிகளை விடுவதில்லை என்றது. 2024-இல் எல்.ஜி. தன் புளூ-ரே பெட்டிகளை நிறுத்தியது. சில நிறுவனங்கள் இன்னும் செய்கின்றன.

வகுப்பில் ஓர் அண்ணன் கேட்டார்: "என் தம்பி துபாயில் இருக்கிறான். அவன் வட்டு வாங்கி அனுப்பினால்?"

நல்ல கேள்வி. சில வட்டுகளுக்கு 'வட்டாரப் பூட்டு' உண்டு. துபாய் 'பி' வட்டாரம். இந்தியா 'சி' வட்டாரம். 'பி' பூட்டுப் போட்ட வட்டு நம் ஊர்ப் பெட்டியில் ஓடாது. பூட்டு இல்லாத வட்டுகளும் நிறைய உண்டு. அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும்.

கணக்குப் போடுவோம்

ஒரு வட்டு 700 ரூபாய் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆண்டுக்கு 10 படம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம்.

பெட்டி: 7,500 ரூபாய்
வட்டு: 10 x 700 = 7,000 ரூபாய்
மொத்தம்: 14,500 ரூபாய்

முதல் ஆண்டில் ஒரு படத்துக்கு 1,450 ரூபாய் ஆகிறது. "அடேயப்பா!" என்றார் அக்கா. "எத்தனை இட்லி சுடணும்!"

யார் வாங்கலாம்?

புளூ-ரே வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1920 x 1080 காட்டும் பெரிய டி.வி. இருந்தால் வாங்கலாம். வீட்டில் ஏற்கெனவே வட்டுகள் இருந்தால் வாங்கலாம். இதற்கு இணையம் வேண்டாம். வாங்கிய வட்டு உங்களுடையது. இணையத்தில் இன்று இருக்கும் படம் நாளை இல்லாமல் போகலாம். ஆனால் வீட்டுச் செலவு போக மீதி உள்ள பணத்தில்தான் வாங்க வேண்டும்.

அக்கா என்ன செய்தார்?

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. நான் கேட்டேன்: "அக்கா, உங்கள் கல்யாணப் படம் கேசட்டில்தானே இருக்கு? இந்தப் பெட்டியில் வட்டுதான் போட முடியும். கேசட் நுழையாதே?"

அக்கா திகைத்துப் போனார். எதற்காக ஆசைப்பட்டாரோ, அதை அந்தப் பெட்டி காட்டவே காட்டாது!

ஆனாலும் அக்கா கடைக்குப் போனார். "பில் தருவீங்களா? வாரண்டி எத்தனை வருஷம்? கெட்டுப்போனால் எங்கே பழுது பார்ப்பது?" என்று வரிசையாகக் கேட்டார். "பழைய சரக்கு. பில் கிடையாது" என்று பதில் வந்தது. அக்கா திரும்பி வந்துவிட்டார்.

பிறகு கேசட்டை ஒரு வீடியோ ஸ்டூடியோவில் கொடுத்தார். நாடாவில் கொஞ்சம் பூஞ்சை பிடித்திருந்தது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் படம் போயிருக்கும். அவர்கள் துடைத்து, பென் டிரைவில் ஏற்றித் தந்தார்கள். செலவு 600 ரூபாய். அவர் டி.வி.யிலேயே பென் டிரைவ் செருகத் துளை இருந்தது. மகளின் மொபைலிலும் ஒரு நகல் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அக்கா வகுப்புக்குத் தாமதமாக வந்தார். கண் சிவந்திருந்தது. முகத்தில் சிரிப்பு.

"பந்தியில் நின்னுக்கிட்டு, 'அந்தப் பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடு'ன்னு சொல்றார் தம்பி. அதே குரல்."

மீதி 8,400 ரூபாய் கல்லூரிப் பணத்துக்கு இருக்கிறது.

நினைவில் வையுங்கள்

1. எதைப் பார்க்க வாங்குகிறோம் என்று முதலில் கேளுங்கள்.
2. வீட்டு டி.வி.யின் எண்களைப் படித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.
3. பெட்டியின் விலையோடு வட்டின் விலையையும் கூட்டுங்கள்.
4. "கடைசிப் பெட்டி" என்றால் அவசரப்படாதீர்கள். ஓர் இரவு யோசியுங்கள்.
5. பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஏமாந்தால் 1915 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலும் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

பயிற்சி

1. உங்கள் வீட்டு டி.வி. அட்டையில் புள்ளி எண்கள் என்ன? எழுதுங்கள்.
2. பெட்டி 6,000 ரூபாய். வட்டு 500 ரூபாய். 8 வட்டு வாங்கினால் மொத்தச் செலவு எவ்வளவு?
3. உங்கள் வீட்டில் பழைய கேசட், பழைய புகைப்படம் இருக்கிறதா? அதைக் காப்பாற்ற என்ன செய்யலாம்? ஐந்து வரி எழுதுங்கள்.