ஏடும் வாய்மொழியும்



"சாமி, நாம் செய்வது வேதாகமத்தில் எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கிறது என்று கூட வேலை செய்கிறவர் கேட்கிறார். என்ன பதில் சொல்ல?" ஓசூர் தொழிற்சாலைகளுக்குப் போகும் நம் வாலிபர் பலமுறை கேட்ட கேள்வி இது. எழுதப்படாதது எதுவும் தேவ போதகம் ஆகாது என்பதே அதன் உட்கருத்து. பழைய ஏற்பாட்டை நமக்குக் காப்பாற்றித் தந்த யூதர்கள் இதைப்பற்றி என்ன நினைத்தார்கள் என்று முதலில் பார்ப்போம்.

சீனாய் மலையில் மோயீசன் பெற்றது இரண்டு என்று ராபிமார் போதித்தார்கள். ஒன்று எழுதப்பட்ட நியாயப்பிரமாணம். மற்றது வாயால் ஒப்புவிக்கப்பட்ட விளக்கம். சாபத்து நாளில் வேலை செய்யாதே என்கிறது ஏடு. எது வேலை? முடிச்சுப் போடுவது வேலையா? இரண்டு தையல் தைப்பது வேலையா? ஏடு சொல்லவில்லை. வாய்மொழிப் போதகமோ 39 வகை வேலைகளை எண்ணிச் சொல்லிற்று. கி.பி. 70-ல் உரோமையர் எருசலேம் தேவாலயத்தை அழித்தார்கள், ஜனங்கள் சிதறினார்கள். ஆகவே கி.பி. 200-ஐ ஒட்டி ராபி யூதா இந்தப் போதகங்களைத் தொகுத்து ஒழுங்குபடுத்தினார். அதுவே மிஷ்னா. அதைப்பற்றிய விவாதங்களும் சேர்ந்து பின்னாளில் தல்மூத் ஆயிற்று.

ஏடு மட்டும் போதும் என்று பிரிந்துபோன யூதரும் உண்டு. காராயீத்தர் என்று அவர்களுக்குப் பெயர். ஆனால் காலப்போக்கில் அவர்களும் தங்களுக்கென ஒரு பரம்பரை விளக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறாக, ஏடே இல்லாமல் வாழ்ந்த யூதர்கள் நம் தேசத்தில் இருந்தார்கள். பம்பாய்க்குத் தெற்கே, கொங்கணக் கரையில் குடியிருந்த பெனே இஸ்ராயேல் மக்களே அவர்கள். கப்பற்சேதத்தில் தப்பிக் கரையேறியவர்களின் சந்ததி என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். பேசியது மராத்தி; செய்தது எண்ணெய் ஆட்டும் தொழில். சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள். அதனால் 'சனிக்கிழமை வாணியர்' என்றே அயலார் அவர்களை அழைத்தார்கள். ஆண் பிள்ளைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்தார்கள். செதிளும் துடுப்பும் இல்லாத மீனை உண்ணவில்லை. கடவுள் ஒருவரே என்னும் எபிரேய விசுவாச வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்லிவந்தார்கள். கையில் புத்தகம் இல்லை. தாயும் தகப்பனும் சொல்லிக்கொடுத்தது மட்டுமே.

ஆனாலும் சில திருநாட்களையும் அநேக செபங்களையும் அவர்கள் இழந்திருந்தார்கள். பிற்காலத்தில் கொச்சி யூதரும் மற்றவரும் வந்து படிப்பித்தபோது, ஏட்டை ஆவலோடு ஏற்றுக்கொண்டார்கள். 1796-ல் பம்பாயில் தங்கள் முதல் செபக்கூடத்தைக் கட்டினார்கள். வாய்மொழி அவர்களை யூதராக வைத்திருந்தது. ஏடு அவர்கள் மறந்ததைத் திருப்பிக் கொடுத்தது.

ஆனால் பழைய வழக்கமெல்லாம் தேவ பாரம்பரியம் ஆகிவிடாது. காணிக்கை என்று சாக்குச் சொல்லி, பெற்றோரைக் காப்பாற்றாமல் விடும் வழக்கத்தைச் சேசுநாதர் சுவாமி கடுமையாய்க் கண்டித்தார் (மாற்கு 7). தேவகட்டளையைக் கெடுக்கும் மனித வழக்கம் தள்ளத்தக்கது. நம்மவர் வீட்டுக் கலியாணத்தில் சாதி பார்ப்பதும் சீதனம் கேட்பதும் எத்தனை தலைமுறைப் பழக்கமானாலும் அப்படியே.

சேசுநாதர் புத்தகம் எழுதிவைக்கவில்லை. அப்போஸ்தலர்களைப் போதிக்க அனுப்பினார். வாயாலும் நிருபத்தாலும் தாம் போதித்ததைக் கைக்கொள்ளும்படி அர்ச். சின்னப்பர் தெசலோனிக்கேயருக்குக் கட்டளையிட்டார். எந்தெந்த நூல்கள் வேதாகமத்தைச் சேர்ந்தவை என்பதையும் திருச்சபையின் பாரம்பரியத்தாலேயே அறிகிறோம். இரண்டும் ஒரே தேவ ஊற்றிலிருந்து சுரக்கின்றன என்று 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. கேட்கிறவருக்கு இதைச் சாந்தமாய்ச் சொல்லுங்கள்.

பெற்றோரே, இந்த எல்லைப்புறத்தில் நம் பிள்ளைகள் சிலர் ஆங்கிலமோ கன்னடமோ படிக்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாது. அவர்களுக்குத் தமிழ்ச் செபம் உங்கள் வாயிலிருந்துதான் வரவேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து களைத்து வந்தாலும், பிள்ளை பள்ளிக்குப் புறப்படுமுன் சிலுவை அடையாளமும் பரலோக மந்திரமும் சேர்ந்து சொல்லுங்கள். ஞாயிறு மாலையில் சுவிசேஷத்தில் ஒரு பகுதியை உரக்க வாசியுங்கள். நீங்கள் ஒப்புவிக்காததை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு யார் ஒப்புவிப்பார்?