தேர்தல் அலுவலர்க்குப் பயிற்சி எதற்கு?

தேர்தல் என்றவுடன் கட்சியும் கொடியும் வேட்பாளருமே நம் நினைவுக்கு வருகின்றன. வாக்குச் சாவடியில் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அலுவலரை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் பெரும்பாலும் ஒரு பள்ளி ஆசிரியர் அல்லது அரசு அலுவலகப் பணியாளர். ஒரு நாள் வேலைக்கு அவருக்குப் பயிற்சி எதற்கு? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நல்ல தேர்தலுக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு. முடிவை அனைவரும் நம்ப வேண்டும்; உரிமையுடையோர் அனைவரும் பங்கு பெற வேண்டும்.

முதல் இலக்கணத்தை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விளக்குகின்றன. ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து அதனை உள்ளங்கையில் ஏற்றுப் படிப்பான். பின்னர் அங்குள்ள நம்பிமாரும் படிப்பர். விரித்த கையில் வேறோர் ஓலையை மறைக்க இயலாதன்றோ! ஆயினும், நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையோர் பெயர்களே குடத்தில் இடம்பெற்றன. அங்கே நம்பிக்கை இருந்தது. அனைவர்க்கும் இடம் இருக்கவில்லை.

1951-52ஆம் ஆண்டுகளின் முதற் பொதுத் தேர்தல், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை தந்தது. சுமார் 17 கோடி வாக்காளர். அவருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். எனினும் வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லாமல், 'இன்னார் மனைவி', 'இன்னார் தாய்' என்றே பதிவு செய்தனர். அப்பதிவுகளை முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் வாக்கை இழந்தனர். சட்டம் வழங்கிய உரிமை வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. பெயரைக் கேட்டு எழுதுவதும் கற்க வேண்டிய கலையே என்பது இதனால் விளங்கும்.

இன்று அலுவலர் கற்பவை யாவை? வாக்குப்பதிவு தொடங்குமுன், முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் இட்டு இயந்திரத்தைச் சோதித்து, அவற்றை அழித்துவிட வேண்டும். தம் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்திருந்தால், தாம் இன்னார் என மெய்ப்பிப்பவர்க்கு வாக்குச்சீட்டு ஒன்றைத் தனியே தர வேண்டும். பார்வையற்றவர் துணையாளரை அழைத்து வரலாம். ஒருவர் ஒரே நாளில் ஒருவர்க்கு மேல் துணையாக இயலாது. முடியும் நேரத்தில் வரிசையில் நிற்போர்க்குக் கடைசி ஆளிடமிருந்து தொடங்கிச் சீட்டு வழங்க வேண்டும். அப்பொழுதுதான் பின்னால் எவரும் புதிதாக நுழைய இயலாது. நிற்பவர் எவரும் வாக்கை இழக்கவும் மாட்டார். மேற்கூறிய இரு இலக்கணங்களும் இச்சிறு விதியில் ஒன்று சேர்வதைக் காண்க!

இனி நம் தொம்மலூருக்கு வருவோம். சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுக்கள் உள்ள ஊர் இது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் இங்கு ஒரே வரிசையில் நிற்கின்றனர். 'யாழினி' என்று ஒரு பெண் இருப்பதாகக் கொள்வோம். இக்காலக் கன்னட எழுத்தில் ழகரம் வழக்கில் இல்லை. ஆகவே பட்டியலில் அவள் 'யாளினி' ஆகலாம். அட்டையில் ஆங்கில எழுத்து மூன்றாவது வடிவம் தரலாம். பயிற்சியற்ற அலுவலர் அவளைத் திருப்பி அனுப்பிவிடக் கூடும். ஆள் இன்னார் எனத் தெளிவானால் சிறு எழுத்துப் பிழைகளைப் பொருட்படுத்தலாகாது என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுரை. அதனைக் கற்றவர் அவளை உள்ளே அனுப்புவார். ஓர் எழுத்தால் போக இருந்த உரிமை ஒரு பாடத்தால் நிலைக்கிறது.

வாக்குப்பதிவு இயந்திரங்களைச் செய்யும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் இந்நகரில் உள்ளது. விரலில் இடும் அழியா மை 1962 முதல் மைசூரிலிருந்து வருகிறது. ஆனால் பொறியும் மையும் தாமே தேர்தலை நடத்துவதில்லை, மனிதரே நடத்துகின்றனர்.

மாணவ நண்பர்களே! 18 வயது நிறைந்தவர் 6ஆம் படிவத்தை நிரப்புங்கள். பட்டியலில் உங்கள் பெயரையும் பெற்றோர் பெயரையும் இன்றே சரிபாருங்கள். பிழையிருந்தால் தேர்தலுக்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். நாளை நம்மிற் சிலர் ஆசிரியராகவும் அரசு அலுவலராகவும் அம்மேசையின் பின்னால் அமர நேரிடும். அன்று பயிற்சி வகுப்பை வெறும் சடங்கென்று எண்ணிப் பின்வரிசையில் உறங்காதிருப்போமாக. நாம் கவனியாமல் விட்ட ஒரு விதி, யாரோ ஒருவருடைய வாக்காக இருக்கும்.