மலையேறி வந்த முட்டைக்கு ஒரு நாள் ஓய்வு

ஜமுனாமரத்தூரில் பஸ்ஸில் வந்த பார்சலை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, அன்று ராத்திரியே இன்குபேட்டரில் அடுக்கினேன். 24 பெருவிடை முட்டைகள். பொரித்தவை 3. மற்றதை உடைத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் கரு பிடித்து, சில நாளிலேயே செத்திருந்தது. முட்டையில் குறையில்லை. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்.

முட்டையின் அகன்ற முனையில் காற்றறை இருக்கிறது. ஓட்டை உடைக்கும் முன் குஞ்சு முதல் மூச்சை இழுப்பது அங்கேதான். போளூர் வழியாக ஏறினாலும், ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக வந்தாலும், வளைவுக்கு வளைவு குலுங்குகிற குலுக்கலில் அந்த அறையின் சவ்வு கழன்று, காற்று குமிழியாகி உள்ளே அலைய ஆரம்பித்துவிடும். வீட்டுக் கோழியின் முட்டைக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பார்சல் முட்டைக்குச் செய்ய வேண்டியவை எல்லாம் இந்த ஒரு சேதத்தைச் சுற்றியே நிற்கின்றன.

வாங்கும்போதே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். முட்டை இட்டு 7 நாளுக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும். 8, 10 கோழிக்கு ஒரு சேவலாவது இருக்க வேண்டும். கழுவாத முட்டையாக, கூர்முனை கீழே இருக்கும்படி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, இடைவெளியில் உமி திணித்து அனுப்பச் சொல்லுங்கள். நம் மலையில் சாமை உமிக்குப் பஞ்சமில்லை. இங்கிருந்து முட்டை அனுப்புகிறவர்களுக்கும் அதுவே போதும். சித்திரை, வைகாசி வெயிலில் முட்டை வரவழைக்காதீர்கள். வண்டியின் சூட்டில் கரு பாதி வளர்ந்து நின்றுபோகும். தை, மாசி நல்லது.

முட்டை வந்ததும் பிரித்து, கூர்முனை கீழாக அட்டைத் தட்டில் நிறுத்தி, வெயில் படாத அறையில் 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். ஓய்வு முடிந்ததும் இருட்டில் அகன்ற முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். காற்றறை அசையாமல் நின்றால் நல்லது. ஒரு பக்கம் சரிந்தோ, குமிழியாக ஓடியோ தெரிந்தால் பென்சிலால் குறி போடுங்கள். அவற்றையும் வைக்கலாம், கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான். விரிசல் விட்டதை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

இந்த 24 மணி நேரமும் இன்குபேட்டர் பெட்டி காலியாக ஓடட்டும். கடையில் வாங்கியதோ, தெர்மாகோல் பெட்டியில் பல்பும் சின்ன ஃபேனும் வைத்து நாமே செய்ததோ, அதில் தெரிகிற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்து ஒப்பிடுங்கள். ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி. ஃபேன் இல்லையென்றால், முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வரை இருக்கலாம். எகிப்தில் மண் சூளைகளில் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தவர்கள் முட்டையைக் கண்ணிமையில் ஒற்றியே சூடு பார்த்தார்கள். அந்தப் பழக்கம் நம் கைக்கு வராது, தெர்மாமீட்டர் இருக்கிறது. ஈரப்பத மீட்டரைச் சரிபார்க்க, ஒரு மூடியில் உப்பைச் சேறு போல நனைத்து, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

முட்டையைச் சாயங்காலம் அடுக்குவது என் வழக்கம். திங்கள் மாலை வைத்தால் செவ்வாய் மாலைதான் ஒரு நாள் கணக்கு. மூன்று வாரம் கழித்து வரும் திங்களன்று 21 நாள் நிறையும். பார்சல் முட்டையைப் படுக்க வைக்காதீர்கள். தட்டிலேயே கூர்முனை கீழாக நிற்கட்டும். முதல் 3 நாள் திருப்பவே வேண்டாம். தானாகத் திருப்பும் மோட்டார் இருந்தால் நிறுத்தி வையுங்கள். சவ்வு மறுபடி ஒட்டிக்கொள்ள இந்த நிதானம்தான் உதவுகிறது. நாலாம் நாளிலிருந்து தட்டின் ஒரு பக்கத்தை உயர்த்தி, பிறகு மறுபக்கத்தை உயர்த்தி, நாளுக்கு 3 அல்லது 5 தடவை சாய்த்து வையுங்கள். ஒற்றைப்படையில் சாய்த்தால்தான் ஒவ்வொரு ராத்திரியும் வேறு பக்கம் அமையும்.

ஈரப்பதம் 45-ஐ ஒட்டி இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் என் பெட்டிக்கு அரைத் தட்டுத் தண்ணீரே அதிகம். பங்குனியில் இரண்டு தட்டு வேண்டியிருக்கிறது. மீட்டரைவிட எனக்கு நம்பிக்கை தராசில்தான். 10 முட்டை வைக்கும் நாளில் 450 கிராம் இருந்தால், 18-ஆம் நாள் 395 கிராம் வாக்கில் வர வேண்டும். எடை குறையவில்லை என்றால் ஈரம் கூடுதல். காற்றறை சிறுத்து, குஞ்சு மூச்சுத் திணறிச் சாகும்.

கரண்ட் போனால் பதறாதீர்கள். அடைக்கோழியும் தினம் ஒரு தடவை எழுந்து தீனிக்குப் போகத்தான் செய்கிறது. பெட்டியின் மேல் கம்பளி போர்த்தி, வெந்நீர் பாட்டில் இரண்டை உள்ளே வைத்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். பயப்பட வேண்டியது அதிகச் சூட்டுக்கு. 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் அந்த ஈடே போய்விடும்.

7-ஆம் நாள் டார்ச் அடித்தால், நடுவில் கறுப்புப் புள்ளியும் அதிலிருந்து சிலந்தி போலப் பிரியும் சிவப்பு நரம்புகளும் தெரியும். ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை. நரம்பில்லாமல் சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. சந்தேகமானதை 10-ஆம் நாள் வரை விட்டுப் பாருங்கள். நாற்றமடிப்பதை உடனே எடுத்துவிட வேண்டும். உள்ளே வெடித்தால் மற்றவையும் கெடும்.

18-ஆம் நாள் சாய்ப்பதை நிறுத்துங்கள். தண்ணீரைக் கூட்டி ஈரப்பதத்தை 65 முதல் 70-க்குக் கொண்டுபோங்கள். காற்றறை சரிந்த முட்டைகள் கடைசிவரை நின்றபடியே பொரிக்கட்டும். பிறகு மூடியைத் திறக்கக் கூடாது. ஓட்டில் முதல் விரிசல் விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். இடையில் அசைவே இருக்காது. செத்துவிட்டதோ என்று தோன்றும். அப்போது உள்ளே ரத்தத்தையும் மீதி மஞ்சள் கருவையும் இழுத்துக்கொண்டிருக்கும். உதவுகிறேன் என்று திறந்தால் ஈரம் வெளியேறி, சவ்வு காய்ந்து, மற்ற முட்டையில் இருக்கிற குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். பொரித்த குஞ்சுக்கு அவசரம் இல்லை. இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவே இரண்டு நாள் தாங்கும்.

நன்றாக உலர்ந்தபின் வெளியே எடுத்து, பல்பு எரியும் வேறொரு பெட்டியில் விடுங்கள். தரையில் வழுக்கும் காகிதம் வேண்டாம், கால் விரிந்துபோகும், சாக்கு விரியுங்கள். முதல் வாரம் 35 டிகிரிச் சூடு. அலகைத் தண்ணீரில் ஒரு முறை தொட்டு விட்டால் தானாகக் குடிக்கும். 7-ஆம் நாள் வெள்ளைக் கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து. கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பார்சல் முட்டையில் பாதி பொரித்தாலே நல்ல பலன்தான். வீட்டில் அடைக்கோழி இருந்தால் பல்புக்கும் வேலை இல்லை. பொரித்த மறுநாள், நன்றாக இருட்டியபின், அது படுத்திருக்கும் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அதே கையால் குஞ்சுகளை இறக்கைக்கடியில் நுழைத்துவிடுங்கள். விடியற்காலையில் காது கொடுங்கள்: தாழ்ந்த குரலில் அது கொக்கரித்துக் கூப்பிட்டால் ஏற்றுக்கொண்டுவிட்டது. கொத்தினால் உடனே எடுத்து, சாக்கு விரித்த பெட்டிக்கே திருப்பிக் கொண்டுபோங்கள்.