கேரமல் பழத்துண்டுகள்: ஒழுகாமல், ஒட்டாமல் செய்ய 15 குறிப்புகள்

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பானாலும் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்தானாலும், முறுக்கு, அதிரசத் தட்டுக்குப் பக்கத்தில் இப்போது கேரமல் பழமும் இடம்பிடித்துவிட்டது. பாசார் மாலாம் கடைகளில் தங்ஹூலு வாங்கிப் பழகிய பிள்ளைகள் வீட்டிலும் அதையே கேட்கிறார்கள். செய்முறை எளிதுதான். கோலாலம்பூர், கிள்ளான் பக்கத்துக் காற்றுதான் படுத்தும். காய்ச்சிய சீனி ஈரத்தை உறிஞ்சும். பழம் உள்ளேயிருந்து ஈரம் விடும். காற்று வெளியேயிருந்து கொடுக்கும். இந்த இரண்டு ஈரத்தையும் சமாளிக்கத்தான் கீழே உள்ள குறிப்புகள்.

1. எந்தப் பூச்சு என்று முதலில் முடிவு செய்யுங்கள். மொறுமொறுவென உடையும் கண்ணாடிப் பூச்சு, செய்த ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும் விருந்துக்கு மட்டுமே சரிப்படும். மென்று சாப்பிடும் மெதுகேரமலை முதல் நாளே காய்ச்சி வைத்து, மறுநாள் சூடாக்கித் தோய்க்கலாம். விருந்தினர் மதியம் முதல் இரவு வரை வந்துபோகும் வீட்டுக்கு மெதுகேரமல்தான் நல்லது.

2. பழத்தை ருசிக்காக மட்டும் எடுக்காதீர்கள், தோலையும் பாருங்கள். கண்ணாடிப் பூச்சுக்குத் தோலோடு கூடிய முழுப்பழம் வேண்டும். விதையில்லாத் திராட்சையும் கேமரன் மலைச் சிறிய ஸ்ட்ராபெர்ரியும் தோதானவை. மெதுகேரமலுக்குப் பச்சை ஆப்பிள், காய்வெட்டான கொய்யா, பலாச்சுளை, கொட்டை நீக்கிய பேரீச்சை, கனிந்தும் குழையாத பிசாங் மாஸ் ஆகியவை ஒத்துவரும். தர்ப்பூசணி, பப்பாளி, ரம்புத்தான், நன்றாகப் பழுத்த மாம்பழம் வேண்டாம். பத்து நிமிடத்தில் தட்டில் தண்ணீர் கட்டிவிடும்.

3. ஆப்பிளின் மெழுகை நீக்குங்கள். கடை ஆப்பிள் பளபளப்பதற்கு மேலே பூசிய மெழுகே காரணம். அதன்மேல் கேரமல் நிற்காது, வழுக்கி அடியில் குட்டையாகச் சேரும். கொதிநீரில் ஒரு கரண்டி வினிகர் ஊற்றி, ஆப்பிளைப் பத்து விநாடி முக்கியெடுத்து, சொரசொரப்பான துணியால் அழுத்தித் துடைத்தால் மெழுகு போய்விடும்.

4. கழுவிய பழம் முழுதாக உலரட்டும். துடைத்தால் மட்டும் போதாது. கம்பித்தட்டில் பரப்பி, காற்றாடிக்கு அடியில் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். ஸ்ட்ராபெர்ரியின் காம்பையும் இலையையும் கிள்ள வேண்டாம். கிள்ளிய இடத்தில் சாறு கசியும். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த பழத்தை உடனே தோய்க்கவும் கூடாது. குளிர்ந்த தோலில் காற்றின் ஈரம் முத்துமுத்தாகப் படியும். அதன்மேல் பாகு பிடிக்காது.

5. ஒரு வாய் அளவுக்கு வெட்டும்போது கொஞ்சம் தோலை விட்டுவையுங்கள். ஆப்பிளை உருண்டைக் கரண்டியால் குடைந்தெடுக்கும்போது ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு பக்கம் தோல் இருக்கட்டும். கேரமலுக்கு அதுதான் பிடிமானம். வெட்டிய துண்டுகளை எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஒரு நிமிடம் போட்டால் கறுக்காது. பிறகு காகிதத் துணியில் ஒற்றியெடுங்கள். அன்னாசி போட்டே ஆகவேண்டும் என்றால், துண்டுகளை வடிகட்டி, காற்றாடியில் உலர்த்தி, பரிமாறும் நேரத்தில் தோய்க்கவும். அதிலுள்ள நொதி பால் புரதத்தை உடைத்துக் கசக்கவைக்கும் என்பதால், பாலேடு சேர்த்த கேரமல் அன்னாசிக்கு ஆகாது.

6. கண்ணாடிப் பூச்சுக்கு வெள்ளைச் சீனியே போதும். 300 கிராம் சீனி, 150 மில்லி தண்ணீர். இது ஏறக்குறைய 30 திராட்சைக்கு வரும். பழம் மூழ்க வேண்டுமானால் அகலச் சட்டி வேண்டாம். குறுகிய, ஆழமான பாத்திரத்தில் காய்ச்சுங்கள். வெப்பமானி 150 டிகிரி செல்சியஸ் காட்டினால் நிறமில்லாத தங்ஹூலுப் பதம். 165 டிகிரியை ஒட்டிப் பொன்னிறம் திரும்பும்போதுதான் கேரமல் மணம் வரும். அந்த நொடியே அடுப்பை அணைத்துவிடுங்கள். வெப்பமானி இல்லையா? கடலை மிட்டாய்க்குப் பார்க்கும் பதம்தான். குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் அது ‘டக்’கென்று உடைய வேண்டும், கடித்தால் பல்லில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் கொதிக்கட்டும்.

7. கொதி வந்தபின் கரண்டியைப் போடாதீர்கள். கிண்டினால் பாகு மறுபடி சீனிப் பருக்கையாகிவிடும். பாத்திரத்தின் ஓரத்தில் தெறித்து ஒட்டிய சீனியை நனைத்த தூரிகையால் தடவி இறக்கினால் போதும். பருக்கை கட்டிவிட்டால் கொட்ட வேண்டாம். அரைக் குவளை தண்ணீர் ஊற்றிக் கரைத்து மறுபடி காய்ச்சுங்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் பருக்கை கட்டாது என்பது உண்மைதான். ஆனால் இரண்டு சொட்டோடு நிறுத்துங்கள். கூடிப்போனால் பூச்சு காற்றின் ஈரத்தை விரைவில் இழுத்துப் பிசுபிசுக்கும்.

8. மெதுகேரமலுக்குக் குலா மலாக்காவை மிஞ்ச எதுவுமில்லை. 200 கிராம் குலா மலாக்காவைச் சீவி, சிறிது தண்ணீரில் கரைத்து, தூசு போக வடிகட்டுங்கள். கெட்டித் தேங்காய்ப்பால் 200 மில்லி, வெண்ணெய் 50 கிராம், குளுக்கோஸ் பாகு 2 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். இங்கே கிண்டத்தான் வேண்டும். விட்டால் தேங்காய்ப்பால் திரிந்து எண்ணெய் மிதக்கும். 118 டிகிரி, அதாவது தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் உருண்டு வரும் உருட்டுப்பதத்தில் இறக்குங்கள். கண்ணாடிப் பூச்சுக்கு மட்டும் குலா மலாக்கா கூடாது. அதற்கு ஈரத்தை இழுக்கும் குணம் இயல்பிலேயே அதிகம்.

9. சூடு தணிந்தபின் தோய்த்தெடுங்கள். அடுப்பிலிருந்து இறக்கியதும் மெதுகேரமல் தண்ணீராக ஓடும். 80 டிகிரி அளவுக்கு ஆறி, கரண்டியின் முதுகில் திரையாகப் படியும்போது பழத்தை முக்கியெடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி, பாத்திர விளிம்பில் அடிப்பக்கத்தை வழித்துவிடுங்கள். எண்ணெய் தடவிய பட்டர் பேப்பரில் வையுங்கள். கண்ணாடிப் பூச்சுக்கு முறையே வேறு. பாகு இறுகுமுன் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, பழத்தை உருட்டி, சட்டென்று எடுத்துவிட வேண்டும்.

10. தூவுவதற்குக் கடைத்தெருவிலேயே எல்லாம் கிடைக்கும். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ உள்ள மளிகைக் கடைகளில் நிலக்கடலை, எள், முந்திரி வாங்கி வறுத்து உடைத்துக்கொள்ளுங்கள். கேரமல் பூசிய கொய்யாவில் அசாம் போய்த் தூளைத் தூவிப் பாருங்கள். நொறுக்கிய ஓமப்பொடி ஆப்பிளுக்குப் பொருந்தும். வறுத்த தேங்காய்ப்பூ வாழைப்பழத்துக்கு. கடலை தூவியதைத் தனித் தட்டில் வைத்து எழுதியும் வையுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கலாம்.

11. பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணம் ஐஸ்தண்ணீர் இருக்கட்டும். கொதிக்கும் பாகு கொதிநீரைவிட 50 டிகிரி கூடுதல் சூடு. தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். கையில் பட்டால் உடனே கிண்ணத்தில் முக்கி ஒட்டிய பாகின் சூட்டைத் தணித்துவிட்டு, பைப்பைத் திறந்து ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். நேராக ஐஸ் கட்டி வைக்காதீர்கள். பற்பசை, கிச்சாப் எதுவும் தடவாதீர்கள். பிள்ளைகளை மைக்ரோவேவில் சீனி காய்ச்ச விடவே வேண்டாம். அவர்கள் தூவட்டும், அடுக்கட்டும்.

12. மழைக்கு முன் முடியுங்கள். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழைக் காலம். காலையில் பழத்தை உலர்த்தி, தோய்க்கும் வேலையை ஏர்கோன் போட்ட அறையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏர்கோன் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். சோறு வேகும், கறி கொதிக்கும் சமையலறையில் தோய்த்தால் ஆவியே பூச்சைக் கரைத்துவிடும்.

13. கண்ணாடிப் பூச்சை ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்துப் பிசுபிசுக்கும். மெதுகேரமலை மூடிய டப்பாவில், அடுக்குக்கு ஒரு பட்டர் பேப்பர் போட்டு உள்ளே வைத்து, பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன் எடுங்கள். கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோவதானால் காரின் பின்பெட்டி ஆகாது. நெரிசலில் நின்றால் உருகிவிடும். ஏர்கோன் படும் இருக்கையில் வையுங்கள்.

14. குச்சியைக் கடைசியில் குத்துங்கள். அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு இறுதியில், கடைகளில் விற்ற கேரமல் ஆப்பிளால் லிஸ்டீரியா கிருமி பரவி 35 பேர் நோயுற்றார்கள், சிலர் உயிரிழந்தார்கள். பிறகு நடந்த ஆய்வில் காரணம் தெளிந்தது. குச்சி குத்திய துளை வழியே சாறு கசிந்து, கேரமலுக்கும் தோலுக்கும் இடையே தங்கிவிடுகிறது. வெளியே வைத்திருந்த பழத்தில் கிருமி அங்கேதான் பெருகியது. குச்சி இல்லாத பழத்தில் மெதுவாகவே வளர்ந்தது. பழத்தைக் கழுவுவதிலும் சோம்பல் கூடாது. ஆகவே மெதுகேரமல் துண்டை முள்கரண்டியால் ஏந்தித் தோய்த்து, பரிமாறும்போது சாத்தே குச்சியைப் பாதியாக ஒடித்துக் குத்தலாம். கண்ணாடிப் பூச்சுக்கு முன்னரே குத்த வேண்டியிருப்பதால் அதைச் செய்த ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். எந்த வகையானாலும் மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் அப்போதே செய்ததை மட்டும் கொடுங்கள்.

15. ஆளுக்கு மூன்று துண்டு என்று கணக்கிடுங்கள். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. துண்டு சிறிதாக இருந்தால், வேண்டாம் என்பவர்களை வற்புறுத்தாமலும் ஆசைப்படுபவர்களுக்கு இல்லையென்னாமலும் உபசரிக்கலாம். பூசாத பழத்தையும் ஒரு தட்டில் வையுங்கள். பாத்திரத்தைச் சுரண்டிக் கையை நோகடிக்க வேண்டாம். கண்ணாடிப் பாகு ஒட்டிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானாகக் கரைந்துவிடும். குலா மலாக்கா ஒட்டிய பாத்திரத்தில் மட்டும் தண்ணீருக்குப் பதிலாகப் பால் ஊற்றிச் சூடாக்குங்கள். வேலை செய்தவர்களுக்கு ஆளுக்கொரு குவளை கேரமல் பால் கிடைக்கும்.